கிணற்றடியிலிருந்து வாட்டு வரை: புத்தளக் கரையில் கடும் குடல் தொற்றும் வைத்தியசாலைப் பராமரிப்பும்

குடலைத் தாக்கும் தொற்றுக்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். தணியாமல் போகும் சிறு பங்கு ஆளை வீழ்த்தும் விதம் நான்கு. கொலராவிலும் அதைப்போன்ற கடும் வயிற்றோட்டத்திலும் உடலின் நீரும் உப்பும் வற்றிச் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஷிகெல்லா கிருமியால் வரும் வயிற்றுளைச்சல் பெருங்குடலின் சுவரைப் புண்ணாக்கும்; சிறுபிள்ளைகள் ஓரிரு நாளில் சோர்ந்துவிடுவார்கள். நெருப்புக் காய்ச்சல் எனப்படும் தைபோயிட் மெதுவாக நகர்ந்து, மூன்றாம் வாரமளவில் சிறுகுடலின் கடைப்பகுதியைத் துளைத்துவிடக்கூடும். நான்காவது விதம் வைத்தியசாலைக்குள்ளேயே பிறக்கிறது. வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து குடலின் நல்ல கிருமிகளை அழித்துவிட, குளொஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்னும் பக்டீரியா காலியான அந்த இடத்தில் பெருகிக்கொள்கிறது. முதலாவதற்கு மணிக்கணக்கில் அவகாசம், மூன்றாவதற்கு வாரக்கணக்கில். நான்கையும் 'வயிற்றோட்டம்' அல்லது 'காய்ச்சல்' என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்கும் அனுமதிப் புத்தகத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு நோயாளி வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து வீடு திரும்பும் வரை யார், எந்த மணிக்குள், எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதைப் பராமரிப்பு வழித்தடம் என்பார்கள். 1985 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், நியூ இங்கிலண்ட் மெடிக்கல் சென்டரில் தாதியர் தலைமைப் பொறுப்பில் இருந்த கேரன் சாண்டரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்கு உருக்கொடுத்தார்கள். கட்டட வேலைகளையும் தொழிற்சாலை வேலைகளையும் நாள்வாரியாகத் திட்டமிடும் முறையையே அவர்கள் படுக்கையோரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2010 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 11,398 பேரையும் எடுத்துப் பார்த்தது. இத்தகைய வழித்தடங்கள் உள்ள இடங்களில் வைத்தியசாலைக்குள் ஏற்படும் சிக்கல்கள் குறைகின்றன, பதிவேடுகள் திருந்துகின்றன என்பது அதன் முடிவு. வைத்தியரின் அறிவுக்கு மாற்றாக ஒரு தாள் வந்துவிடும் என்ற அச்சம் இன்றும் உண்டு. ஆனால் கடும் குடல் தொற்றில் அறிவுப் பஞ்சத்தால் இறப்பவர் குறைவு. தெரிந்த சிகிச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடத்தில் நேரம் வீணாவதால் இறப்பவரே அதிகம்.

கனமூலை இந்தக் கைமாற்றங்களைத் தெளிவாகக் காட்டும் ஊர். இலங்கையின் வடமேல் மாகாணத்தில், புத்தளம் மாவட்டத்தில், கொழும்பு - புத்தளம் வீதியிலுள்ள மதுரங்குளிக்கு அருகே அமைந்த முஸ்லிம் கிராமம் அது. வடக்கே புத்தளம் நகரும் ஆதார வைத்தியசாலையும்; தெற்கே முந்தல், அதற்கும் தெற்கே சிலாபமும் மாவட்டப் பொது வைத்தியசாலையும்; உள்நாட்டுப் பக்கம் குருநாகல் போதனா வைத்தியசாலை. மேற்கே புத்தளம் களப்பு. அப்பால் கற்பிட்டித் தீபகற்பம், பிறகு கடல். தென்னை, மீன், இறால், உப்பு ஆகியவற்றை நம்பி வாழும் கரை இது. உலர் வலயமாதலால் ஆண்டின் பெரும்பகுதி நிலத்தடி நீரே கதி.

அந்த நீரில்தான் கதையின் பாதி இருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் விரைவாக இறங்கும். மலசலகூடக் குழியின் கழிவும் அதே விரைவில் இறங்கும். சிறு காணியில் கிணறும் குழியும் பக்கம் பக்கமாக அமைந்துவிட்டால், மண் வடிகட்டித் தருவதற்கு இடைவெளி போதாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அம்மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டில்களும் பொதுக் கிணறுகளும் வரிசையில் நிற்கும் மலசலகூடங்களுமாக அந்த முகாம் வாழ்க்கை பலருக்குப் பத்தாண்டுகளையும் கடந்து நீடித்தது. உள்ளூர் மக்களுக்கே போதாத நீரை இரு சாராரும் பங்கிட வேண்டியிருந்தது. உவர்ப்பேறிய கிணறுகளைக் கைவிட்டு, சுத்திகரித்த நீரைக் கலனில் வாங்கிக் குடிக்கும் பழக்கம் இப்போது இக்கரையில் பரவியிருக்கிறது. ஆனால் வாங்கிய நீர் குடிப்பதற்கு மட்டுமே. பாத்திரம் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்வதும் கிணற்று நீரில்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளங்களிலும் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும்.

களப்புக்கும் இதில் பங்குண்டு. உவர்நீர், கொலராக் கிருமியின் இனமான விப்ரியோக்கள் இயல்பாக வாழும் இடம். அவற்றுள் பாரஹீமோலிட்டிக்கஸ் என்னும் வகை, சரியாக வேகாத இறாலிலும் நண்டிலும் ஒட்டி வந்து கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். கொலரா இலங்கையில் 2003 க்குப் பிறகு பதிவாகவில்லை. அதனாலேயே அதைக் கண்டால் அடையாளம் காணும் கண்ணும் அரிதாகி வருகிறது. அரிசி கழுவிய நீர்போல் வெளியேறும் மலத்தை நேரில் பார்த்திராத இளம் வைத்தியர்களே இன்று இரவுக் கடமையில் இருக்கிறார்கள்.

நோயாளியின் பயணம் வைத்தியசாலையில் தொடங்குவதில்லை. முதல் நாள் பிளேன்டீயும் கஞ்சியும். அடுத்த நாள் சந்தியிலுள்ள பாமசி. மூன்றாம் நாள் தனியார் டிஸ்பென்சரி. அதன் பின்னரே அரச வைத்தியசாலை. கஞ்சியில் தவறில்லை. உப்புச் சேர்த்த அரிசிக் கஞ்சி உடலுக்கு நீரையும் உப்பையும் மாச்சத்தையும் சேர்த்தே தருகிறது. இடர் பாமசியில் இருக்கிறது. இரண்டு நாளுக்கு அளந்து கொடுக்கும் நுண்ணுயிர் எதிரி மருந்து நோயைத் தீர்க்காது; ஆனால் பின்னர் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராதபடி செய்துவிடும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை அதைவிடக் கேடு. இரத்தமும் சீதமும் போகும்போது குடலின் அசைவைக் கட்டிப்போட்டால் கிருமியும் அதன் நஞ்சும் உள்ளேயே தேங்கும்.

ஆகவே வழித்தடத்தின் முதல் வரி கிராமத்தில் எழுதப்பட வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகச் செல்லும் நாடு இது; 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து அந்த வலை அறுபடவில்லை. அவர் கையில் 'ஜீவனி' நீரேற்ற உப்புப் பொதியும், எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற குறிப்பும் இருந்தால் போதும். பிள்ளை குடிக்க மறுப்பது, குடித்ததை எல்லாம் வாந்தியெடுப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கண் குழிவது, மலத்தில் இரத்தம், காய்ச்சல் விட்டபின்னும் வயிறு ஊதிக் கல்லாவது: இவை எந்தத் தாய்க்கும் விளங்கும் அறிகுறிகள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஊரிழந்த ஆண்டாக வடபுல முஸ்லிம்கள் மறக்க முடியாத அதே எண், இன்று அவசரத்துக்கு உதவும் எண்ணாக அவர்கள் கைபேசிகளில் இருப்பது தற்செயல்தான்.

ஜீவனி போன்ற வாய்வழி நீரேற்றக் கரைசலின் பயன் ஓர் அகதிகள் முகாமில் நிரூபணமானது. 1971 இல் பங்களாதேஷ் போரின்போது எல்லையோர இந்திய நகரமான பொங்காவில் கொலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டவைத்தார் வைத்தியர் திலீப் மகலனபிஸ். 30 வீதமளவில் இருந்த இறப்பு, அவரது சிகிச்சை பெற்றோரிடையே 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் இருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்ற உடலியல் உண்மையை டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968 இலேயே நோயாளிகளிடம் காட்டியிருந்தார்கள். பொங்காவில் புதிதாகத் தெரியவந்தது மருந்து வேறு, அதைக் கொடுக்கும் கை வேறு என்பது. தாதி ஒருவர் நூறு பேருக்கு ஊட்ட முடியாது; நூறு தாய்மாரால் முடியும்.

அரை நூற்றாண்டுக்குப் பின்னும் வாட்டில் இந்தப் பாடம் தலைகீழாகவே நிற்கிறது. சேலைன் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நோயாளியின் வீட்டார் நம்புகிறார்கள். ஏற்றிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் வைத்தியசாலையும் ஏற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளியது. ஓரளவு நீர் வற்றியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி லீற்றர் கரைசல், 4 மணி நேரத்தில், வாய் வழியாக. 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 900 மில்லி லீற்றர். கடுமையாக வற்றி, நாடி பிடிபடாமல் கிடப்பவருக்கு மட்டும் நரம்பு வழியாக ரிங்கர் லக்ரேட், கிலோவுக்கு 100 மில்லி லீற்றர். 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு முதல் அரை மணியில் ஒன்றரை லீற்றர், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லீற்றர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதே அளவு 6 மணி நேரத்தில் பிரித்துச் செலுத்தப்படும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. உயிருக்குப் போராடுபவருக்கும், எழுந்து உட்கார்ந்து பேசுபவருக்கும் ஒரே வேகத்தில் ஒரு போத்தல் சொட்டிக்கொண்டிருக்கும். முன்னவருக்கு அது மிகக் குறைவு. பின்னவருக்குத் தேவையே இல்லை. இதய நோயுள்ள முதியவராக இருந்தால் ஆபத்தும்கூட.

இதைத் திருத்த விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வாசலில் ஒரு தராசு வேண்டும். எடை தெரியாமல் கணக்கு இல்லை. கட்டிலின் தலைமாட்டில் குடித்தது, ஏற்றியது, வாந்தி, மலம், சிறுநீர் என்று மணிக்கு மணி நிரப்பும் ஒரு தாள் வேண்டும். நான்கு மணி நேரம் கழிந்ததும் யாராவது திரும்பி வந்து நோயாளியை மறுபடி பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் நடைமுறையில் கடினம். இரவு எட்டு மணிக்கு அனுமதிக்கப்பட்டவருக்கு அந்த நான்காம் மணி நள்ளிரவில் விழுகிறது. 'மறுமதிப்பீடு 12.00' என்று நேரத்தைத் தாளிலேயே அச்சிட்டு, கையொப்பத்துக்கு ஒரு கட்டம் விட்டுவிட்டால் கடமை மாறும்போதும் அது தவறிப் போகாது. பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாள் சிங்க் கொடுக்க வேண்டும் என்று 2004 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்து வருகின்றன. நாளுக்கு 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 10. அடுத்து வரும் மாதங்களில் மீண்டும் வயிற்றோட்டம் வருவதை அது குறைக்கிறது.

மொழி இந்தக் கரையில் சிகிச்சையின் ஒரு பகுதி. மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ். வைத்தியரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். தமிழ் 1987 இலிருந்து நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றாக இருந்தும், வாட்டின் இரவில் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரரே. 'வயித்தால போகுது' என்பது சிங்களத்தில் 'பாச்சனய' என்று சரியாகவே போய்ச் சேரும். ஆனால் சீதமா, இரத்தமா, தண்ணீராகவா, எத்தனை தடவை, காய்ச்சல் முந்தியா வயிற்றோட்டம் முந்தியா என்ற வேறுபாடுகள் அந்த ஒரு சொல்லுக்குள் அமுங்கிவிடுகின்றன. சிகிச்சையைத் தீர்மானிப்பவை அந்த வேறுபாடுகளே. பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மலத்தின் நிறத்தைப் பற்றி முன்பின் அறியாத ஆண் ஒருவர் முன்னிலையில், அதுவும் மூன்றாம் ஆள் மொழிபெயர்க்கப் பேசக் கூசுவோர் பலர். தமிழிலும் சிங்களத்திலும் நேருக்கு நேர் அச்சிட்ட எட்டுப் பத்துக் கேள்விகள், பக்கத்தில் சரி அடையாளம் இடும் கட்டம் என்று ஒரு தாள் இருந்தால், இரு மொழி தெரியாதவரும் அரை நிமிடத்தில் பதிலைப் பெறலாம்.

நெருப்புக் காய்ச்சலின் பாதை வேறு. இலங்கையில் அதன் பெயர் கேட்டதும் யாழ்ப்பாணமே நினைவுக்கு வரும். ஆண்டாண்டாக அம்மாவட்டத்தின் எண்ணிக்கை உயர்ந்தே இருந்து வந்திருக்கிறது. ஆனால் கிணறும் மலக்குழியும் நெருங்கிய எந்த ஊரும் அதற்கு வாசல்தான். படிப்படியாக ஏறும் காய்ச்சல், தலைவலி, நாவில் வெண்படிவு, பெரியவர்களில் பலருக்கு வயிற்றோட்டத்துக்குப் பதில் மலச்சிக்கல். டெங்கு பரவும் காலத்தில் முதல் ஐந்து நாள் டெங்குவை நினைத்தே கழியும். தட்டணு எண்ணிக்கை பார்த்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரி வழித்தடத்தில் இருந்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

சோதனையிலும் இரண்டு வழிகள். ஃபெர்னான்ட் விடால் 1896 இல் கண்டறிந்த இரத்தச் சோதனை மலிவானது, விரைவானது, இன்றும் தனியார் ஆய்வுகூடங்கள் ஆர்வத்தோடு செய்து தருவது. ஆனால் முன்பு எப்போதோ வந்த தொற்றும், வேறு காய்ச்சல்களும்கூட அதைச் சாதகமாகக் காட்டிவிடும். ஒரே ஒரு விடால் பெறுபேற்றை வைத்து இரண்டு வாரம் மருந்து கொடுப்பது மருந்தை வீணாக்குவதோடு, உண்மையான நோயைத் தேடுவதையும் நிறுத்திவிடுகிறது. இரத்த வளர்ப்புச் சோதனை பத்தில் ஆறு பேரிடமே கிருமியைப் பிடிக்கும். எலும்பு மச்சையில் எடுத்தால் எட்டுப் பேருக்கும் மேல். பெரியவரிடம் பத்து மில்லி லீற்றருக்குக் குறையாமல் இரத்தம் எடுத்தால்தான் அந்த ஆறும் கிடைக்கும். மருந்தின் முதல் வேளைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சிறிய வைத்தியசாலையில் வளர்ப்புச் சோதனை வசதி இல்லாவிட்டாலும் இரத்தத்தைப் போத்தலில் இட்டுப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப முடியும். போத்தலைக் கொண்டு செல்லும் வாகனத்தின் நேரமும் வழித்தடத்தின் பகுதியே.

எந்த மருந்து என்பதையும் அந்தப் போத்தல்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோபுளொக்சசின் தெற்காசியாவில் பெருமளவு பயனிழந்துவிட்டது. 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத்தில் தோன்றிய கிருமி வகை செப்ட்ரையக்சோனையும் எதிர்க்கிறது. அதற்கு வாயால் கொடுக்க எஞ்சியிருப்பது அசித்ரோமைசின். மருந்து சரியாக இருந்தாலும் காய்ச்சல் இறங்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் கையொப்பமிட்டு நோயாளியை வேறிடம் கொண்டு போய்விடுவார்கள். சுயநினைவு தடுமாறும் அளவுக்கு முற்றிய நோயில், 1984 இல் ஜகார்த்தாவில் நடந்த சிறு ஆய்வொன்று, உயர் அளவு டெக்சாமெதசோன் சேர்த்தபோது இறப்பு 55 வீதத்திலிருந்து 10 வீதத்துக்கு இறங்கியதைக் காட்டியது. 38 பேரை மட்டுமே கொண்ட ஆய்வு அது. ஆயினும் கடும் நிலையில் அதை நம்பியே இன்றும் அம்மருந்து கொடுக்கப்படுகிறது.

குடல் ஓட்டை விழும் தருணம் ஏமாற்றக்கூடியது. திடீர் வலி, வயிறு இறுகல், நாடி வேகமெடுத்தல், இரத்த அழுத்தம் சரிதல் என்று அறிகுறிகள் புத்தகத்தில் இருந்தாலும், நோயால் நொய்ந்தவருக்கு வலிகூட மங்கலாகவே தெரியும். சில வேளை உயர்ந்திருந்த காய்ச்சல் சட்டென்று இறங்கும், வீட்டார் மகிழ்வார்கள். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழ் காற்று தெரிந்தால் சத்திரசிகிச்சையைத் தவிர வழியில்லை; ஒவ்வொரு மணித் தாமதமும் வயிற்றறையில் மலம் பரவும் நேரம். எனவே இரண்டாம் வாரத்தைக் கடந்த எந்தத் தைபோயிட் நோயாளியும் சத்திரசிகிச்சை வசதியில்லாத வைத்தியசாலையில் படுத்திருக்கலாகாது. ஓட்டை விழுந்த பின் அனுப்புவதை விட, விழலாம் என்ற வாரத்தில் அனுப்புவது மேல். அதிர்ச்சி நிலையில் வருபவருக்கு முதல் மணிக்குள் நுண்ணுயிர் எதிரி மருந்து என்பது செப்சிஸ் சிகிச்சையின் உலக விதி. அம்புலன்ஸ் ஏறுமுன் முதல் வேளையைக் கொடுத்து, கொடுத்த நேரத்தை மாற்றுக் கடிதத்தில் எழுதினால் அந்த மணி வீதியில் கரையாது.

வயிற்றுளைச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் பக்டீரியாவா அமீபாவா என்பதைப் புதிய மலத்தை நுண்காட்டியில் பார்த்தே பிரிக்க முடியும். ஆறிப்போன மாதிரியில் அமீபா அசையாது, அசையாவிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நான்காவது விதத்தில் வைத்தியசாலையே காரணகர்த்தா. டிஃபிசில் கிருமியின் வித்துக்கள் மதுசாரத் திரவத்துக்குச் சாவதில்லை. கொவிட் காலத்தில் கட்டிலுக்குக் கட்டில் தொங்கவிட்ட போத்தல்கள் இதற்கு உதவா. சவர்க்காரமும் ஓடும் நீரும் வேண்டும், தரையையும் கட்டிலையும் குளோரினால் துடைக்க வேண்டும். இங்கிலாந்து இதை விலை கொடுத்துக் கற்றது. ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 2003 க்கும் 2005 க்கும் இடையில் பரவிய இத்தொற்றில் 33 பேர் இறந்தார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் அறிவிப்பும் இலக்கும் கட்டாயமாயின. சந்தேகி, தனிமைப்படுத்து, கையுறையும் மேலங்கியும் அணி, கை கழுவு, சோதி என்ற ஐந்து படி ஒழுங்கு எல்லா வாட்டுகளுக்கும் வந்தது. 2007-08 இல் 55 ஆயிரத்துக்கும் மேலிருந்த நோயாளர் எண்ணிக்கை ஆறே ஆண்டில் நான்கிலொரு பங்களவுக்கு இறங்கியது. அங்கு பயன்பட்டவற்றில் மருந்தைவிடப் பெரிது, தேவையற்ற நுண்ணுயிர் எதிரியை நிறுத்தியதுதான். மருந்து தோற்றவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை, 2013 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேரை முதல் தடவையிலேயே குணமாக்கியது. தெற்காசிய வாட்டுகளில் இக்கிருமியைத் தேடுவதே அரிது. தேடாததால் இல்லை என்று பதிவாகிறது.

விடுகை நாள் வழித்தடத்தின் மிக மெலிந்த கண்ணி. நோய் விவரம் எழுதிய அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். மருந்தை எத்தனை நாள் தொடர வேண்டும் என்பது வாய்மொழியாகச் சொல்லப்படும். தைபோயிட் மீண்டும் தலைதூக்குவது பெரும்பாலும் காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று வாரத்தில். அப்போது யாரிடம் வர வேண்டும் என்ற ஒரு தமிழ் வரி அட்டையில் இருந்தால் பயணம் மறுபடி பாமசியிலிருந்து தொடங்காது.

நோயாளி வீட்டுக்குப் போகும்போது ஒரு தாள் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போயிருக்க வேண்டும். 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தைபோயிட் அடங்கும் குடற்காய்ச்சல், வயிற்றுளைச்சல், உணவு நஞ்சாதல் ஆகியவை அறிவிக்க வேண்டிய நோய்கள். கொலராவுக்கு உடனடி அறிவிப்பு. சந்தேகம் எழுந்த அன்றே 544 ஆம் இலக்கப் படிவம் போக வேண்டும். ஆய்வுகூடப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாட்டில் இது எழுத்து வேலையாகக் கருதப்பட்டு விடுகை நாள் வரை தள்ளிப்போகிறது. அந்த நாட்களெல்லாம் அதே கிணற்றில் வீட்டார் நீர் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

படிவம் வந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் செல்கிறார். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி, நீரை எங்கே வாங்குகிறார்கள், கடந்த வாரம் எந்தக் கந்தூரியில் அல்லது கலியாணத்தில் சாப்பிட்டார்கள், பக்கத்து வீடுகளில் காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதுகிறார். கிணற்றுக்குக் குளோரின் இடுகிறார். குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை பித்தப்பையில் கிருமியை ஓராண்டுக்கும் மேல் சுமந்து திரிவார்கள். அவர்களுக்கு உடம்பில் எந்தக் குறையும் தெரியாது. நோயாளி ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுபவராகவோ மத்ரஸாவில் சமைப்பவராகவோ இருந்தால், அடுத்தடுத்து எடுத்த மூன்று மல மாதிரிகளில் கிருமி இல்லை என்று வரும்வரை அவரை அடுப்படிக்கு அனுப்பலாகாது. அவ்வளவு நாள் கூலியில்லாமல் அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் கூலிக்கு ஒரு வழி செய்யப்பட்ட இடங்களில் மூன்று மாதிரிகளும் வந்து சேர்கின்றன. செய்யப்படாத இடங்களில் முதல் மாதிரியோடு ஆள் வேறு ஊர் ஹோட்டலுக்குப் போய்விடுகிறார், கோப்பு திறந்தே கிடக்கிறது.